மலையைத் திட்டாதீங்க, மென்பொருளைத் திட்டுங்க!

பூம்பாறையில் ஹோம்ஸ்டே நடத்துபவரிடம் "மெயில் போட்டோமே, பாக்கலையா?" என்று கேட்டால் வரும் பதில், "கொடைக்கானல்ல டவர் சரியில்ல சார்". பாவம், அவரே அப்படித்தான் நம்புகிறார். வத்தலகுண்டில் ஏறும் பஸ்ஸில் வளைவுக்கு வளைவு சிக்னல் போய்ப் போய் வருவது உண்மைதான். ஆனால் ஒரு மெயிலைத் தொட்டதும் திரை உறைவதற்கும், நேற்று போட்ட நட்சத்திரம் இன்று காணாமல் போவதற்கும் பழனி மலை என்ன செய்யும்? அது மென்பொருள் எழுதியவர்களின் சோம்பேறித்தனம்.

ஐமேப் நெறிமுறையை மார்க் கிரிஸ்பின் ஸ்டான்ஃபோர்டில் உருவாக்கியது 1986-ல். இணைப்பு அறுந்திருக்கும்போது வேலை செய்து, பிறகு சர்வரோடு ஒத்துப்போகும் முறையைப் பற்றி அவர் 1994-லேயே எழுதிவிட்டார். அப்போதைய மோடத்துக்கு முன்னால் இன்றைய மன்னவனூர் சிக்னல் ராஜா!

முதலில் வேகம். திரையை வரைகிற இழையே சர்வரின் பதிலுக்கும் காத்திருந்தால் திரை உறையத்தான் செய்யும். தொட்டதை உடனே கைபேசியிலேயே பதிந்து, திரையில் காட்டி, சர்வருக்குச் சொல்ல வேண்டியதை வரிசையில் போட்டுவிட்டால் போதும். சிக்னல் வரும்போது போகட்டுமே.

அடுத்து குறிகள்: படித்தது, பதில் போட்டது, நட்சத்திரமிட்டது, நீக்கியது. இதில் மூன்று பழைய தப்புகள் திரும்பத் திரும்ப வருகின்றன.

ஒன்று, மெயிலின் உடலைச் சாதாரணமாகக் கேட்டாலே சர்வர் 'படித்தது' என்று குறித்துவிடும். குறிக்காமல் எட்டிப் பார்க்க 'பீக்' என்று தனி வழி இருக்கிறது. அதை விட்டுவிட்டால், முன்னோட்டம் இறக்கியதுமே புது புக்கிங் 'படித்தது' ஆகிவிடும். ஆள் மட்டும் படித்திருக்க மாட்டார்!

இரண்டு, 'இந்தக் குறியைச் சேர்' என்பதற்குப் பதிலாக 'குறிகள் இவ்வளவுதான்' என்று கட்டளை அனுப்புவது. கைபேசி 'படித்தது' என்று மட்டும் அனுப்பினால், கணினியில் போட்ட நட்சத்திரம் அழிந்துவிடும்.

மூன்று, 'நீக்கியது' என்பது வெறும் குறிதான். 'எக்ஸ்பஞ்ச்' சொன்னால்தான் மெயில் போகும். ஆனால் சும்மா எக்ஸ்பஞ்ச் சொன்னால், அந்தப் பெட்டியில் வேறு கருவி நீக்கக் குறித்து வைத்தவையும் சேர்ந்தே போய்விடும். குறிப்பிட்ட மெயிலை மட்டும் அழிக்க 1998-லேயே வழி சொல்லியாகிவிட்டது.

"உடனே காட்டினால் சர்வருக்கும் திரைக்கும் முரண்பாடு வருமே" என்பார்கள். வரும். அதற்குத்தான் 2006-ல் 'காண்ட்ஸ்டோர்' வந்தது. ஒவ்வொரு மெயிலுக்கும் ஒரு மாற்ற எண். கடைசியாகப் பார்த்த எண்ணுக்குப் பிறகு மாறிய குறிகளை மட்டும் கேட்கலாம். பத்தாயிரம் மெயிலின் குறிகளையும் மறுபடி இறக்க வேண்டாம். இடையில் வேறு யாரும் மாற்றாவிட்டால் மட்டும் மாற்று என்றும் சொல்லலாம். ஆக, குறியை ஒழுங்காகக் கையாண்டால் வேகமும் தானே வரும். இரண்டும் வேறு வேறு வியாதி இல்லை. இன்னும் போய்ச் சேராத மாற்றம் இருந்தால் 'காத்திருக்கிறது' என்று ஓரத்தில் காட்டிவிட்டால் பொய் சொன்னதாகவும் ஆகாது.

ஓஎம்ஆரில் ஃபைபர் லைனில் சோதித்துவிட்டு "நல்லாத்தானே ஓடுது" என்பது சோதனையே இல்லை. கைபேசியை ஃபிளைட் மோடில் போட்டு ஐந்து மெயிலுக்கு நட்சத்திரம் போடுங்கள், இரண்டை நீக்குங்கள். அதே நேரம் கணினியில் வேறு இரண்டைப் 'படித்தது' ஆக்குங்கள். பிறகு இணைப்பைத் திறந்து பாருங்கள். எல்லாம் சரியாக இருந்தால் அது மெயில் மென்பொருள். இல்லையென்றால் பிழை அறிக்கை எழுதுங்கள். தண்டர்பேர்டு போலத் திறமூலமாக இருந்தால், நிரல் தெரிந்தவர்கள் தாங்களே திருத்தியும் அனுப்பலாம்.

புக்கிங்கைத் தவறவிட்ட அந்த ஹோம்ஸ்டேக்காரர் இழப்பது ஒரு வார வருமானம். அதற்கும் மலைமேலேயே பழி போடுவது அநியாயம்.