தாயி கார்டு இருக்கா?

அல்சூர் ஏரிப் பக்கம் இருக்கற திருவள்ளுவர் சிலை பதினெட்டு வருஷம் மூடியே கிடந்து, 2009 ஆகஸ்ட்லதான் திறந்தாங்க. பெங்களூர்த் தமிழர்கள் நாலு பேர் சேர்ந்தா இன்னிக்கும் அந்தப் பேச்சு வரும். வரட்டும், நல்லதுதான். ஆனா 2022 நவம்பர்ல துமகூர்ல நடந்ததை யாரும் பேசி நான் கேட்டதில்லை.

ரெட்டைப் பிள்ளை சுமந்த தமிழ்நாட்டுப் பொண்ணு. வலி எடுத்து ராத்திரி மாவட்ட ஆஸ்பத்திரிக்குப் போனா, ஆதார் எங்கே, தாயி கார்டு எங்கேன்னு கேட்டிருக்காங்க. (கர்ப்பிணிகளுக்கு அரசாங்கம் தர்ற அட்டை. தாயின்னா நம்ம தாய்தான், கன்னடத்துல ஒரு 'இ' கூட.) இல்லைன்னதும் சேர்த்துக்கலை. பெங்களூர் போன்னு சொல்லியிருக்காங்க. கையில காசில்லை. வீட்டுக்குத் திரும்பி, மறுநாள் காலைல பிரசவத்துலயே தாயும் போயாச்சு, ரெண்டு குழந்தைகளும் போயாச்சு. அப்புறம் டாக்டர், நர்ஸ் எல்லாரும் சஸ்பெண்ட்.

மொழிதான் கொன்னுச்சுன்னு நான் சொல்லலை. கேட்டது காகிதம். ஆனா ஊர் விட்டு ஊர் வந்தவகிட்டதானே காகிதமும் இருக்காது, மல்லுக்கட்டிப் பேச பாஷையும் இருக்காது?

நான் பேங்க்காரன். கைநாட்டு வைக்கறவருக்கு ஐம்பதாயிரம் கடன் கொடுத்தாக்கூட, "எனக்குத் தெரிந்த மொழியில் படித்துக் காட்டினார்கள்"னு தனியா எழுதி வாங்குவோம். கர்ப்பப்பையை எடுக்கற ஆபரேஷனுக்கு? இங்கிலீஷ் ஃபாரத்தை நீட்டி "இல்லி சைன் மாடி". முடிஞ்சுது. போதுமான விவரம் சொல்லி வாங்கினாத்தான் சம்மதம்னு 2008-லயே சமீரா கோலி வழக்குல சுப்ரீம் கோர்ட் சொல்லியாச்சு. யார் காதுல விழுந்தது?

தர்மபுரி, கிருஷ்ணகிரிலேர்ந்து வந்து இங்க வீட்டு வேலை பார்க்கற அக்காக்களைக் கேட்டுப் பாருங்க. டாக்டர் முன்னாடி அவங்களுக்காகப் பேசறது யாரு? ஸ்கூல் போற பத்து வயசுப் பையன். வெள்ளைப்படுது, அங்க வலிக்குதுன்னு பெத்த பிள்ளைகிட்ட எப்படிங்க சொல்லுவாங்க? "வயித்து வலி"ன்னுதான் சொல்லுவாங்க. டாக்டரும் வயித்து வலிக்கு மாத்திரை எழுதுவார்.

முடியாத காரியமா இது? ஆம்பளை டாக்டர்கிட்ட வராத பெண்களுக்காக 1885-ல மெட்ராஸ்ல கோஷா ஆஸ்பத்திரி ஆரம்பிச்சாங்க. இப்ப திருவல்லிக்கேணி கஸ்தூரிபா ஆஸ்பத்திரி. நம்ம சிவாஜிநகர்லயும் ஒரு கோஷா ஆஸ்பத்திரி இருக்கு. "முதல்ல திரையை விலக்கு, அப்புறம் வைத்தியம்"னு அவங்க சொல்லலை. ஆஸ்திரேலியாவுல 1973-லயே போன்ல மொழிபெயர்க்க ஆள் வெச்சுட்டாங்க. அங்க இருக்கற நம்ம சொந்தக்காரங்களுக்கு இது தெரியும்.

கன்னடம் கத்துக்கட்டுமேன்னு சொல்றவங்களுக்கு: கத்துக்கணும்தான், நானும் கத்துக்கிட்டேன். பனிக்குடம் உடைஞ்சப்புறம் இலக்கணம் படிக்க முடியாது சாமி. திருப்பூர் ஆஸ்பத்திரில ஒடியாப் பொண்ணை "தமிழ்ல சொல்லும்மா"ன்னு அதட்டினா அதுவும் இதே அநியாயம்தான்.

விழா நடத்த வசூல் பண்றோமே, மேடைக்கும் சால்வைக்கும் போறதுல கொஞ்சம் பிடிச்சு, பிரசவ வார்டு வாசல்ல தமிழும் கன்னடமும் தெரிஞ்ச ரெண்டு அக்காக்களை ஷிஃப்ட் போட்டு உட்கார வைக்க என்ன செலவாகும்? ஆஸ்பத்திரிகிட்ட அனுமதி கேட்க யார் வர்றீங்க, சொல்லுங்க. கணக்குப் போட்டு வரவு செலவு எழுதித்தர நான் ரெடி.