ஊசி தட்டுக்குக் காத்திருக்கட்டும்

ஞாயிற்றுக்கிழமை நண்பகலில் தேக்கா நிலையத்துக்குள் போனவர்களுக்கு அங்குள்ள வரிசைகளைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. பிரியாணிக் கடை முன் ஒன்று, பிராட்டாக் கடை முன் ஒன்று, பானக் கடை முன் ஒன்று. அந்தக் கூட்டத்தில் ஒருவரை நினைத்துக்கொள்வோம். சாப்பாட்டுக்கு முன் போட வேண்டிய இன்சுலினைக் கழிவறைக்குள் போய் யார் கண்ணிலும் படாமல் போட்டுக்கொண்டு வருகிறார். பிறகு வரிசையில் நிற்கிறார். முன்னால் பத்துப் பேர். ஒவ்வொருவரும் நாலைந்து பொட்டலம் கட்டச் சொல்கிறார்கள். தட்டு கைக்கு வர இருபத்தைந்து நிமிடம் ஆகிறது; வந்த பிறகு உட்கார இடமில்லை. கழுத்தெல்லாம் வியர்வை. தேக்காவில் யாருக்குத்தான் வியர்க்காது என்று பக்கத்தில் நிற்பவர் நினைப்பார். அவரே கூட அப்படித்தான் நினைத்துக்கொள்வார்.

அவர் மருந்தை மறக்கவில்லை, அளவையும் கூட்டிவிடவில்லை. தட்டு வருமுன் ஊசியைப் போட்டுவிட்டார், அவ்வளவுதான். அந்தப் பிழை ஏன் ஆபத்தானது என்று நிதானமாக விளங்கிக்கொள்வது நல்லது.

சர்க்கரை, நீரிழிவு, இனிப்புநீர் என்று எந்தப் பெயரால் அழைத்தாலும் இது நம் வீடுகளுக்குப் பழகிய நோய். 2010ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில், சிங்கப்பூர் இந்தியர்களில் 17.2 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. மலாய்க்காரர்களில் 16.6, சீனர்களில் 9.7. 2016ல் சுகாதார அமைச்சு நீரிழிவுக்கு எதிரான போரை அறிவித்தது. 2022 இறுதியில் பானங்களுக்கு நியூட்ரி-கிரேட் குறியீடு வந்தது. சர்க்கரையைக் குறைப்பது பற்றி அதற்குப் பின் நிறையப் பேசிவிட்டோம். இன்சுலினைப் பற்றிப் பேசுவதுதான் குறைவு. அதனால் இரண்டு எண்ணங்கள் வேர் பிடித்துவிட்டன. ஒன்று, "ஊசிக்கு வந்துவிட்டால் கடைசிக் கட்டம்." மற்றொன்று, "ஊசிதான் போட்டாயிற்றே, இனி எதையும் சாப்பிடலாம்." இரண்டுமே தவறு. முதல் வகை நீரிழிவுக்காரர்களுக்கு இன்சுலின் தொடக்கத்திலிருந்தே வேண்டும். இரண்டாம் வகையில், ஆண்டுகள் செல்லச் செல்லக் கணையம் களைத்துப்போவதால் பலருக்கு அது தேவைப்படுகிறது. அதில் தோல்வி எதுவும் இல்லை.

நலமான உடலில் கணையம் இரண்டு வேலை பார்க்கிறது. இரவும் பகலும் கொஞ்சம் கொஞ்சமாக இன்சுலினைச் சுரந்துகொண்டே இருக்கிறது. உணவு உள்ளே வந்ததும் அந்த நேரத்துக்கென்று அதிகமாகச் சுரக்கிறது. ஊசியும் அதே போல இரண்டு வகை. கிளார்ஜின், டெக்லுடெக் போன்றவை ஒரு நாள் அளவுக்கு மெல்ல வேலை செய்யும் நீண்ட நேர இன்சுலின். லிஸ்ப்ரோ, அஸ்பார்ட், குளுலிசின் ஆகியவை சாப்பாட்டோடு சேர்த்துப் போடும் விரைவு இன்சுலின். இங்கே பேசுவது இந்த இரண்டாவது வகையைப் பற்றி.

"ஊசி போட்டு அரை மணி கழித்துச் சாப்பிடு" என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வதைக் கேட்டிருப்போம். அவர்கள் சொன்னதில் பிழையில்லை. அது அவர்கள் காலத்து இன்சுலினுக்குச் சரியான விதி. 1922 ஜனவரியில் டொராண்டோவில் ஒரு சிறுவனுக்கு முதன்முதலாக இன்சுலின் செலுத்தப்பட்டது. அதற்குப் பிறகு எழுபது ஆண்டுகளுக்கும் மேலாக, உணவு நேரத்துக்கு இருந்தது சாதாரண இன்சுலின்தான். அதன் மூலக்கூறுகள் ஆறு ஆறாகக் கைகோத்துக் கிடக்கும். தோலுக்கடியில் போனதும் பிரிந்து தனித்தனியானால்தான் இரத்தத்துக்குள் நுழைய முடியும். அதற்கு நேரம் பிடிக்கும். அதனால்தான் அந்த அரை மணி. 1996ல் வந்த லிஸ்ப்ரோவில், சங்கிலியின் ஓரத்தில் அடுத்தடுத்து இருந்த இரண்டு அமினோ அமிலங்களை இடம் மாற்றினார்கள். பிடி தளர்ந்து மூலக்கூறுகள் சட்டென்று பிரிந்துவிட்டன.

ஆகவே விரைவு இன்சுலின் பத்து முதல் இருபது நிமிடத்துக்குள் வேலையைத் தொடங்கிவிடும். ஒன்றிலிருந்து மூன்று மணி நேரத்துக்குள் உச்சம் தொடும். மூன்று முதல் ஐந்து மணி நேரத்தில் அடங்கும். அதைவிட வேகமான வகையும் இப்போது உண்டு. இந்த மருந்தைப் போட்டுக்கொண்டு பழைய அரை மணி விதியைப் பிடித்துக்கொண்டிருந்தால், சோறு வருமுன் மருந்து சர்க்கரையை இறக்கத் தொடங்கிவிடும்.

வீட்டில் தட்டு போடும் நேரம் நம் கையில் இருக்கிறது. அங்கே மருத்துவர் சொன்ன பத்து, பதினைந்து நிமிட இடைவெளியைக் கடைப்பிடிக்கலாம். உணவங்காடியில் அந்த நேரம் கடைக்காரர் கையில், முன்னால் நிற்பவர்கள் கையில். அங்கே தட்டு மேசைக்கு வந்த பிறகே ஊசி. எவ்வளவு சாப்பிட முடியும் என்று தெரியாத நோயாளி, பசி நிலையில்லாத முதியவர் போன்றோருக்கு, சாப்பிட்டு முடித்த உடனே போடலாமா என்று மருத்துவரிடம் கேட்டு வைத்துக்கொள்ளலாம். கட்டுமானத் தளத்தில் வேலை செய்யும் தம்பிமார்களுக்கும் இது பொருந்தும். பொட்டலத்தைப் பிரித்துக் கை கழுவி உட்கார்ந்த பின் போடுங்கள். "இதோ ஐந்து நிமிடத்தில் வந்துவிடுவேன்" என்று போட்டுவிட்டு மேலே ஏறிப்போகாதீர்கள். உடலுழைப்பும் சர்க்கரையை இறக்கும். இரண்டும் சேர்ந்தால் இறக்கம் வேகமாகும்.

அடுத்தது, தட்டில் என்ன இருக்கிறது என்பது. நம் ஊரில் 'கோசோங்' என்ற மலாய்ச் சொல் எல்லார் வாயிலும் புழங்குகிறது. 'தே ஓ கோசோங்' என்றால் பாலும் இல்லை, சர்க்கரையும் இல்லை. 'பிராட்டா கோசோங்' என்றால் முட்டையும் வெங்காயமும் இல்லை, அவ்வளவுதான். மாவும் நெய்யும் அப்படியே இருக்கின்றன. தேநீரைக் கோசோங்காகக் குடித்துவிட்டு இரண்டு கோசோங் பிராட்டா சாப்பிடுகிறவர் சர்க்கரையைத் தவிர்த்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறார். இன்சுலின் கணக்குப் பார்ப்பது மாவுச்சத்தை. சோறு, பிராட்டா, தோசை, மீ கோரெங், உருளைக்கிழங்கு எல்லாம் அந்தக் கணக்கில் வரும். மீன் தலைக் கறியில் மீன் வராது. கறியை ஊற்றிப் பிசைகிற சோறுதான் வரும்.

கொழுப்பு சேர்ந்தால் கணக்கு இன்னும் சிக்கலாகிறது. நெய்யும் எண்ணெயும் மிகுந்த பிரியாணி வயிற்றை விட்டு மெதுவாகத்தான் நகரும்; சர்க்கரையும் தாமதித்தே ஏறும். முதல் இரண்டு மணி நேரத்தில் சர்க்கரை எதிர்பாராமல் குறைந்து, மருந்து அடங்கிய பின் மாலையில் உயர்வது இதனால்தான். சிலருக்கு நிலையான அளவு எழுதிக் கொடுத்திருப்பார்கள். அவர்கள் ஒவ்வொரு வேளையும் ஏறத்தாழ ஒரே அளவு மாவுச்சத்து சாப்பிடுவது நல்லது. சிலருக்கு உணவுக்கேற்ப அளவை மாற்றக் கற்றுக் கொடுத்திருப்பார்கள். நாம் எந்த வகை என்று தெரியாவிட்டால் பலதுறை மருந்தகத் தாதியிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். அடுத்த வீட்டுக்காரர் பத்து யூனிட் போடுகிறார் என்பது நமக்கு எந்தத் தகவலும் ஆகாது.

சாப்பிட்டு ஒன்றரை மணி நேரம் கழித்துச் சர்க்கரையைச் சோதித்துப் பார்க்கிறோம். எண் அதிகமாக இருக்கிறது. உடனே இன்னொரு ஊசி போடத் தோன்றும். போட்ட மருந்தில் பெரும்பகுதி இன்னும் உள்ளே வேலை செய்துகொண்டிருக்கும் என்பதை நினைவில் வையுங்கள். அதன் மேல் இன்னொன்று சேர்ந்தால் இரண்டும் ஒன்றாகச் சேர்ந்து இறக்கும். மருத்துவர் தனியாகச் சொல்லித் தந்திருந்தாலன்றி, ஒரு வேளை மருந்து அடங்குவதற்குள் அடுத்ததைப் போடக்கூடாது.

வியர்வை, கை நடுக்கம், நெஞ்சுப் படபடப்பு, திடீர்ப் பசி, காரணமில்லாத எரிச்சல், வார்த்தை குழறுவது: இவை தாழ் சர்க்கரையின் அடையாளங்கள். கருவி இருந்தால் பாருங்கள், 4.0க்குக் கீழே என்றால் உடனே சர்க்கரை வேண்டும். கருவி இல்லாவிட்டால் சந்தேகமே போதும். 15 கிராம் சர்க்கரை, அதாவது மூன்று தேக்கரண்டி. தேக்காவில் இதற்கு எளிய வழி, பானக் கடையில் ஒரு குவளைத் தண்ணீரில் மூன்று கரண்டிச் சர்க்கரை கலக்கித் தரச் சொல்வது. தே ஓ இனிப்பாக இருந்தாலும் சூடாக மடமடவென்று குடிக்க முடியாது. தே தாரிக்கில் உள்ள பாலின் கொழுப்பு சர்க்கரையைத் தாமதப்படுத்தும், சாக்லெட்டும் அப்படியே. குளிர்பானங்கள் பலவற்றில் இப்போது சர்க்கரையைக் குறைத்துவிட்டார்கள். நலமானவர்களுக்கு அது நல்லது. தாழ் சர்க்கரைக்காரர் லேபிளைப் பார்த்துத்தான் நம்ப வேண்டும். கோசோங் எதுவும் இந்த நேரத்தில் உதவாது.

குடித்துவிட்டுப் பதினைந்து நிமிடம் உட்காருங்கள். மறுபடி பாருங்கள். ஏறவில்லையென்றால் இன்னொரு முறை அதே அளவு. ஏறிய பின் சாப்பிடுங்கள். மயங்கிவிட்டவர் வாயில் எதையும் ஊற்றக்கூடாது, புரையேறி மூச்சடைக்கும். ஒருக்களித்துப் படுக்க வைத்து 995ஐ அழைக்க வேண்டும். மது அருந்தியவருக்கு ஓர் எச்சரிக்கை: ஈரல் சர்க்கரையை விடுவிப்பது குறைவதால், பல மணி நேரம் கழித்தும் சர்க்கரை இறங்கலாம். பார்ப்பவர்கள் போதை என்று விட்டுவிடுவார்கள்.

தமிழ்நாட்டுக்கும் சிங்கப்பூருக்கும் இடையே வாழ்கிறவர்களுக்கென்று தனியாகச் சில எச்சரிக்கைகள் உண்டு. திருச்சியில் இருக்கும் அக்கா "எனக்கு 140" என்பார், இங்கே இருக்கும் தம்பி "எனக்கு 7.8" என்பார். இரண்டும் ஒன்றே. அங்குள்ள எண்ணை 18ஆல் வகுத்தால் இங்குள்ள எண் வரும். இதைவிட முக்கியமானது சிரிஞ்சு. இந்தியாவில் மில்லிலிட்டருக்கு 40 யூனிட் உள்ள குப்பிகள் இன்னும் புழக்கத்தில் இருக்கின்றன. அவற்றுக்கான சிரிஞ்சுக்குச் சிவப்பு மூடி. சிங்கப்பூரில் கிடைப்பது 100 யூனிட். அதன் சிரிஞ்சுக்கு இந்தியாவில் ஆரஞ்சு மூடி. ஊரிலிருந்து கொண்டுவந்த சிவப்பு மூடி சிரிஞ்சில் இங்குள்ள இன்சுலினைப் பத்துக் கோடு வரை இழுத்தால் உடம்புக்குள் போவது 25 யூனிட். மருந்தும் சிரிஞ்சும் ஒரே கணக்கில் இருக்கின்றனவா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள். இன்சுலின் பேனாவின் குப்பியிலிருந்து சிரிஞ்சால் உறிஞ்சவே கூடாது.

பெயரிலும் கவனம் தேவை. நோவோராபிட் வேறு, நோவோமிக்ஸ் வேறு. ஹியூமலாக் வேறு, ஹியூமலாக் மிக்ஸ் வேறு. விரைவு இன்சுலின் தண்ணீர் போலத் தெளிவாக இருக்க வேண்டும். கலங்கியிருந்தால் தூக்கிப்போட வேண்டும். கலவை இன்சுலின் இயல்பாகவே பால் போல இருக்கும். இரவில் போடும் நீண்ட நேர ஊசிக்குப் பதில் தூக்கக் கலக்கத்தில் விரைவு ஊசியைப் போட்டுவிட்டவர்கள் உண்டு. அப்படி நேர்ந்தால் படுத்துவிடாதீர்கள். உடனே சாப்பிட்டு, அடிக்கடி சோதித்து, மருத்துவமனையைக் கூப்பிடுங்கள். இரண்டு பேனாக்களையும் வெவ்வேறு இடத்தில் வைப்பது இதைத் தடுக்கும்.

திறக்காத பேனா குளிர்பதனப் பெட்டியில் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்கட்டும். உறைபனி அறையில் கூடாது. திறந்ததை 30 டிகிரிக்குக் குறைவான இடத்தில் நான்கு வாரம் வைத்திருக்கலாம். நம் ஊர் மதியம் அதைத் தாண்டும். லாரியிலும் மோட்டார் சைக்கிள் பெட்டியிலும் விட்டு வைத்தால் மருந்து வீரியம் இழக்கும்.

போடும் முறையிலும் சின்னச் சின்ன விஷயங்கள் இருக்கின்றன. ஒவ்வொரு முறையும் புது ஊசிமுனை. முதலில் இரண்டு யூனிட்டை வெளியே தள்ளி மருந்து வருகிறதா என்று பார்ப்பது. அழுத்திய பின் பத்து எண்ணும் வரை எடுக்காமல் இருப்பது. ஒரே இடத்தில் குத்திக்கொண்டே இருந்தால் தோலுக்கடியில் கட்டி தட்டும், மருந்து ஒரு நாள் ஏறும், ஒரு நாள் ஏறாது. ஆகவே இடத்தை மாற்றிக்கொள்ள வேண்டும். ஒருவர் பேனாவை இன்னொருவர் தொடவே கூடாது, கணவன் மனைவியாக இருந்தாலும்.

விரத நாளில் என்ன செய்வது? சஷ்டியோ, தைப்பூசமோ, ரமலான் நோன்போ, ஒரு வேளை உணவு இல்லையென்றால் அந்த வேளைக்குரிய விரைவு ஊசியும் இல்லை. அதற்காக நீண்ட நேர ஊசியையும் சேர்த்து நிறுத்திவிடக்கூடாது. அதன் அளவை எப்படி மாற்றுவது என்று விரதத்துக்குச் சில வாரங்களுக்கு முன்பே மருத்துவரிடம் கேட்க வேண்டும்.

கழிவறைக்குள் போய் ஊசி போட்டவரிடம் திரும்புவோம். அவர் ஏன் அங்கே போனார்? நாலு பேர் பார்த்தால் என்ன நினைப்பார்களோ என்ற கூச்சம். மேசையில் உட்கார்ந்து போட்டிருந்தால் தட்டைப் பார்த்த பிறகே போட்டிருப்பார். நான்கு மில்லிமீட்டர் முனை, அரை நிமிட வேலை; பக்கத்து மேசைக்காரர் பிரியாணியிலிருந்து தலை நிமிர்த்துவதற்குள் முடிந்துவிடும். உடன் வந்திருக்கும் நண்பரும் கைகொடுக்கலாம். தேக்காவில் ஒருவர் வரிசையில் நிற்பதும் மற்றவர் டிஷ்யூ பொட்டலத்தை வைத்து இடம் பிடிப்பதும் எப்போதும் நடப்பதுதான். இன்சுலின் போடுகிறவர் இடம் பிடிக்கட்டும். டிஷ்யூ பக்கத்தில் பேனாவும் இருக்கட்டும். தட்டு வந்ததும் எடுத்துக்கொள்ளலாம்.