நோய் விடுப்பு துரை போடும் பிச்சையா?

கூலாய் வட்டாரத் தோழர்களே! காய்ச்சலில் படுத்தவனுக்குப் பெயர் போடாத தோட்டம் எதுவாயினும் சட்டத்தை மிதிக்கிறது. 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டம், பிரிவு 60எஃப், கூறுவதென்ன? தோட்டத்து டாக்டர் பார்க்கும் செலவு முதலாளியுடையது. சம்பளத்தோடு நோய் விடுப்பு, 2 ஆண்டுக்குட்பட்ட ஊழியனுக்கு வருடம் 14 நாள். 5 ஆண்டுக்குட்பட்டவனுக்கு 18. அதற்கு மேல் 22. ஆஸ்பத்திரியில் படுக்க நேர்ந்தால் 60 நாள். 2023 ஜனவரி முதல் அது தனிக்கணக்கு. (தருமம் செய்யும் துரையை நான் இன்னும் கண்டதில்லை!)

ஆனால், டாக்டர் சீட்டை மடியில் முடிந்துகொண்டு மூன்று நாள் வாய்மூடிக் கிடக்கலாமா? 48 மணி நேரத்துக்குள் தகவல் சொல்லவோ சொல்ல முயலவோ இல்லையேல், சீட்டு இருந்தும் சொல்லாமல் நின்றவனே! அந்த ஆயுதத்தை நிர்வாகத்தின் கையில் நாமே கொடுப்பதா? உடனே ஆளனுப்புங்கள், சாட்சி வையுங்கள்.

கிராணிமார்களே! துரையின் முகம் பார்க்காமல், தகவல் வந்த நேரத்தை அன்றே செக்ரோலில் எழுதுங்கள்.