வாசல் தோட்டம்: மழைக்குக் காத்திருக்கும் பூ



இந்தப் பகுதியில் பெரும்பாலும் கறிவேப்பிலை, மிளகாய், பாகற்கொடி என்று அடுப்படிக்கு உதவும் செடிகளைப் பற்றித்தான் பேசுவோம். இந்த முறை சமையலுக்குச் சற்றும் உதவாத ஒரு சின்னஞ்சிறு பூச்செடியைப் பற்றி எழுதுகிறேன். அதற்குக் காரணம், ஒரு சகோதரியிடமிருந்து வந்த கடிதம்.

"அக்கா, நாங்கள் இருந்த தோட்டம் வீடமைப்புக்குப் போய்விட்டது. லயத்து வாசலில் என் அம்மா நட்டு வைத்திருந்த பூக்கிழங்குகளைத் தோண்டியெடுத்து, ஒரு மைலோ டின்னில் போட்டு அடுக்குமாடி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். மழை பெய்து ஓய்ந்த சில நாளில் வாசல் நெடுக நட்சத்திரம் சிந்தியதுபோலப் பூக்குமே, அந்தப் பூதான். அம்மா இப்போது இல்லை. இங்கே வந்து இரண்டு வருடமாகிறது. காலையும் மாலையும் தவறாமல் தண்ணீர் ஊற்றுகிறேன், உரமும் போடுகிறேன். இலை தளதளவென்று இருக்கிறது. பூ மட்டும் ஒன்றுகூட இல்லை. 'இதைத் தூக்கி எறிந்துவிட்டுக் கீரை போடு' என்கிறார் மாமியார். போன வாரம் அதை வெங்காயத்தாள் என்று நினைத்து ரசத்துக்குக் கிள்ளவே போய்விட்டார். நான் என்ன செய்யட்டும்?"

சகோதரி, முதலில் ஒரு நல்ல செய்தி. உங்கள் அம்மாவின் செடிக்கு ஒன்றும் ஆகவில்லை. நீங்கள் அதை அளவுக்கு மீறிக் கவனிக்கிறீர்கள், அவ்வளவுதான். ஆனால் கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, வெங்காயத்தாள் விஷயம், அதுதான் என்னைத் திடுக்கிட வைத்தது. அதற்கும் வருகிறேன்.

எந்தச் செடி இது?

மழைப்பூ, மழை லில்லி என்று சொல்கிறோமே, அதுதான். தாவர நூல்களில் இதன் பெயர் செஃபிராந்தஸ். கிரேக்க மொழியில் அதற்கு 'மேல்காற்றின் மலர்' என்று பொருள். பிறந்த இடம் நம் நாடன்று. அமெரிக்கக் கண்டத்தின் வெப்பமான பகுதிகள். அங்கிருந்து வந்து நம் மண்ணில் ஊன்றிக்கொண்டது. வந்த இடத்தில் வேர்விட்டு வாழ்வதைப் பற்றி நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை!

நம் பக்கம் அதிகம் காண்பது ரோஜா நிறப் பூ. வெள்ளைப் பூவும், மஞ்சள் பூவும் உண்டு. ஒரு தண்டுக்கு ஒரே பூ. ஆறு இதழ்கள். வெயில் ஏற ஏற விரிந்து நட்சத்திரமாக நிற்கும். பொழுது சாய்ந்தால் கூம்பிக்கொள்ளும். ஒரு பூவின் ஆயுள் ஓரிரண்டு நாள்தான். ஆனால் கிழங்குகள் கூட்டமாக இருந்தால் ஒன்று வாட மற்றொன்று விரியும்.

பால்மரத் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இந்தப் பூவைப் பார்த்தால் மனம் இரண்டாகப் பிரியும். விடியற்காலையில் மழை பெய்தால் மரப்பட்டை நனைந்துவிடும். வெட்டினாலும் பால் மங்குக்கு வராமல் பட்டை வழியே வழிந்தோடிவிடும். ஆகவே அன்று வெட்டு இல்லை. வெட்டு இல்லாத நாள் கூடினால் மாதக் கடைசியில் கடைப் பற்றைக் கட்ட முடியாமல் அம்மாக்கள் தவித்ததும் நமக்குத் தெரியும். அப்படிக் கை சுருங்கிய நாள்களில்தான் வாசலில் இந்தப் பூ சிரித்துக்கொண்டு நிற்கும். உங்கள் அம்மா அதைப் பிடுங்கிப் போடாமல் வரிசையாக நட்டு வைத்திருந்தார் என்றால், அது சாதாரண விஷயமில்லை.

ஏன் பூக்கவில்லை?

இந்தச் செடியின் பிழைப்பு கிழங்கில்தான் இருக்கிறது. வெயில் காலத்தில் இலைகள் சேர்த்துக் கொடுத்த உணவைக் கிழங்கு பத்திரமாக வைத்துக்கொள்ளும். மண் காய்ந்தால் வளர்ச்சியை நிறுத்திக்கொண்டு ஓய்வெடுக்கும். பிறகு ஒரு பெருமழை மண்ணை ஊறவைத்ததும், 'இதுதான் சமயம்' என்று பூந்தண்டை மேலே அனுப்பும். காய்ச்சலும் வேண்டும், பாய்ச்சலும் வேண்டும். லயத்து வாசலில் இந்த இரண்டையும் வானம் பார்த்துக்கொண்டது.

அடுக்குமாடியில் நீங்கள்தான் வானம். நீங்களோ நாள்தோறும் இரண்டு வேளை தூறுகிறீர்கள். செடிக்கு வறட்சியும் தெரியவில்லை, மழையும் தெரியவில்லை. அது பாட்டுக்கு இலை விட்டுக்கொண்டிருக்கிறது.

இரண்டாவது காரணம் உரம். யூரியா போன்ற தழைச்சத்து உரம் இலையைத்தான் வளர்க்கும். மூன்றாவது காரணம் நிழலாக இருக்கலாம். லயத்து வாசலில் வெயில் நேராக விழும். அடுக்குமாடி நடைவழியில் வெளிச்சம் வரும், வெயில் வராது. இதற்குக் குறைந்தது அரைநாள் வெயிலாவது வேண்டும். வெயில் படாத கிழங்கு எத்தனை வருடமானாலும் இலையோடு நின்றுவிடும்.

இனிச் செய்ய வேண்டியது

1. டின்னின் அடியில் ஆணியால் ஐந்தாறு துளை போடுங்கள். துளையில்லாத டின்னில் தண்ணீர் தேங்கிக் கிழங்கு அழுகிவிடும். நானும் ஒரு முறை பீங்கான் ஜாடி அழகாக இருக்கிறதே என்று துளையில்லாமல் நட்டு, இருபது கிழங்கையும் கூழாக்கியவள்தான். டின் துருப்பிடித்திருந்தால் 20 சென்டிமீட்டர் அகலமுள்ள சட்டிக்கு மாற்றிவிடுங்கள். அதில் பத்துக் கிழங்கு தாராளமாக நிற்கும்.

2. மண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, மக்கிய எரு ஒரு பங்கு கலந்துகொள்ளுங்கள். கிழங்கின் கழுத்து மண்ணுக்குச் சற்றுக் கீழே இருக்கும்படி 3 முதல் 5 சென்டிமீட்டர் ஆழத்தில் நடுங்கள். கிழங்குக்குக் கிழங்கு மூன்று விரல் இடைவெளி போதும். மிகவும் கலைத்துப் போடாதீர்கள். இது நெருக்கத்தை விரும்பும் செடி. இரண்டு மூன்று வருடத்திற்கு ஒருமுறை பிரித்து நட்டால் போதுமானது.

3. சட்டியை வெயில் விழும் பக்கத்திற்கு மாற்றுங்கள். ஆனால் நடைவழியை அடைக்காதீர்கள். ஐந்தடி உருவாக்கும் சண்டை ஒரு பூச்செடிக்காக வேண்டாம். மாடிக் கைப்பிடிச் சுவரின் மேல் வைக்கவே வைக்காதீர்கள். கீழே போகிறவர் தலை முக்கியம்.

4. செடி புது மண்ணில் ஊன்றிக்கொள்ளும் வரை, ஒரு மாதம் அளவாகத் தண்ணீர் ஊற்றுங்கள். அதன்பின் இரண்டு மூன்று வாரம் தண்ணீரை நிறுத்திவிடுங்கள். மழைச் சாரல் படாத இடமாகப் பார்த்து வையுங்கள். இலை சற்றுத் துவளும், சில மஞ்சளாகும். பதறாதீர்கள்.

5. பிறகு ஒரு நாள் மாலை, அடித்துளை வழியே வடியும் வரை நன்றாக ஊற்றுங்கள். மறுநாளும் அப்படியே. மழைத்தண்ணீர் பிடித்து ஊற்ற முடிந்தால் இன்னும் நல்லது. கிழங்கு பருமனாக இருந்தால் ஒரு வாரத்திற்குள் மொட்டின் முனை தெரியும். முதல் முறை தெரியாவிட்டால் மனம் விடாதீர்கள். நிழலில் இரண்டு வருடம் கிடந்த கிழங்கு வெயிலில் தேறச் சில மாதம் ஆகும். மறுபடியும் காயவிட்டு ஊற்றுங்கள்.

6. யூரியாவை நிறுத்துங்கள். மூன்று மாதத்திற்கு ஒருமுறை மக்கிய எரு ஒரு பிடி போதும்.

வெள்ளைப் பூ வகை ஈரத்தைச் சற்றுத் தாங்கும். அதை அவ்வளவு காயப்போட வேண்டியதில்லை.

இலையை யாரோ கத்தரித்ததுபோல் இருந்தால், மாலையில் விளக்கடித்துப் பாருங்கள். கறுப்பு உடம்பில் வெள்ளைக் கோடும் புள்ளியும் உள்ள புழு ஒட்டிக்கொண்டிருக்கலாம். அது இலையைத் தின்று, பிறகு கிழங்குக்குள்ளேயே இறங்கிவிடும். ஒரு குச்சியால் எடுத்துச் சவர்க்காரத் தண்ணீரில் போட்டுவிடுங்கள்.

இன்னொன்று. சட்டிக்கு அடியில் தட்டு வைத்தால் அதில் தண்ணீர் நிற்கவிடக் கூடாது. ஏடிஸ் கொசு முட்டையிட்டுப் பறந்து போக ஒரு வாரம், பத்து நாளே போதும். அழகுக்கு வைத்த செடி வீட்டுக்கு டெங்கியைக் கொண்டுவரக் கூடாதல்லவா?

வெங்காயத்தாள் விஷயம்

இப்போது மாமியாரையும் அருகில் உட்கார வைத்துக்கொண்டு படியுங்கள்.

இந்தச் செடியின் இலை வெங்காயத்தாள் போலவும், பாசாரில் 'கூச்சாய்' என்று விற்கும் பூண்டுத்தாள் போலவும் இருக்கும். கிழங்கு அசல் சின்ன வெங்காயம்தான். 2009-இல் தாவர அறிஞர்கள் வகுத்த வரிசைப்படி வெங்காயமும் இதுவும் ஒரே குடும்பம்கூட. ஆனால் ஒரு வீட்டுப் பிள்ளைகள் எல்லாரும் ஒரே குணமாகவா இருக்கிறார்கள்? மழைப்பூவில் லைகோரின் என்ற நச்சு இருக்கிறது. கிழங்கில்தான் அது அதிகம். தின்றால் எச்சில் ஊறும், குமட்டும், வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும். அதிகம் தின்றால் வலிப்புவரை போகலாம். சிறு பிள்ளைகளுக்கும், கட்டி வளர்க்கும் ஆட்டுக்கும் கன்றுக்கும் இது ஆகாது.

கண்டுபிடிக்க எளிய வழி, இலையைக் கசக்கி மோந்து பார்ப்பது. வெங்காயத்தாளும் கூச்சாயும் உடனே மணத்தால் காட்டிக்கொடுத்துவிடும். மழைப்பூவின் இலையில் அந்த மணம் இராது. மணமில்லை என்றால் சட்டியில் போடாதீர்கள். ஆனால் இரண்டையும் அடுத்தடுத்து வைத்திருந்தால் கையிலுள்ள மணமே ஏமாற்றிவிடும். ஆகவே மழைப்பூவை ஒருபோதும் வெங்காயம், கீரைச் சட்டிகளோடு சேர்த்து வைக்க வேண்டாம். சட்டியில் சிவப்புச் சாயத்தால் ஒரு கோடு போட்டு, 'இது தின்பதற்கல்ல' என்று வீட்டிலுள்ள எல்லாருக்கும் சொல்லிவையுங்கள். பிரித்தெடுத்த கிழங்குகளை அடுப்படியில் காயவைக்காதீர்கள். செடியைத் தொட்ட கையைக் கழுவிக்கொள்ளுங்கள்.

யாரேனும் தின்றுவிட்டால் விரலை விட்டு வாந்தியெடுக்கச் செய்யாதீர்கள். கைவைத்தியம் பார்த்துக்கொண்டிருக்கவும் வேண்டாம். வாயைக் கொப்பளிக்க வைத்து, செடியின் ஒரு துண்டையும் கையோடு எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். என்ன தின்றார் என்று டாக்டருக்குத் தெரிவது பாதி வைத்தியம்.

இதைச் சொன்னதும், 'அப்படியானால் இந்தச் செடியே வேண்டாம்' என்று மாமியார் சொல்லக்கூடும். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. தவழும் குழந்தை இருக்கும் வீடாக இருந்தால், குழந்தை வளரும் வரை சட்டியை எட்டாத இடத்தில் வையுங்கள். அல்லது வெளியே தரையில் நட்டு வைத்திருக்கும் உறவினரிடம் கொடுத்து வையுங்கள். கிழங்கு எங்கும் ஓடிவிடாது. மாமியார் கேட்ட கீரைக்கு வேறு ஒரு சட்டி, வேறு ஒரு மூலையில். இரண்டு பேர் மனமும் நிறையும்.

தோட்டத்தை விட்டு வந்தபோது பலர் சாமிப் படத்தையும், அம்மிக் கல்லையும் தூக்கி வந்தார்கள். நீங்கள் ஒரு டின் கிழங்கைத் தூக்கி வந்திருக்கிறீர்கள். அது தழைக்க வேண்டும் என்ற ஆசையில்தானே இரண்டு வேளையும் ஊற்றினீர்கள்? அதில் பிழை இல்லை. ஆனால் இந்தச் செடிக்கு உங்கள் அம்மா தினமும் தண்ணீர் ஊற்றியிருக்க மாட்டார். விடியலில் பெரட்டுக்குப் போய், வெட்டு முடித்து, பால் எடுத்து, வீடு திரும்பி, பிள்ளைகளையும் பார்த்தவருக்கு அதற்கு ஏது நேரம்? வெயிலில் விட்டுவிட்டார், மழை வந்தது, பூத்தது.

நீங்களும் கொஞ்ச நாள் விட்டுப் பாருங்கள். பூத்ததும் மறக்காமல் ஒரு வரி எழுதுங்கள். உங்களைப்போல் டின்னோடு வந்து, பூ வராமல் காத்திருக்கும் மற்றச் சகோதரிகளும் படிக்கட்டும்.

அடுத்த இதழில், மாமியாருக்காகவே, சட்டியில் முளைக்கீரை வளர்ப்பது எப்படி என்று பார்ப்போம்.