வாசல்ல ஒரு மீட்டர், கணக்கு யார்கிட்ட?

ஊர்லேருந்து வர்றவங்க தேவ்நார் ஃபிளாட்ல தண்ணி மீட்டரைத் தேடினா கிடைக்காது. அது கீழே காம்பவுண்டு சுவர் ஓரமா தூசி படிஞ்சு கிடக்கும். இங்கே பெரும்பாலான சொசைட்டிகள்ல கட்டடத்துக்கே சேர்த்துதான் மீட்டர். பில் சொசைட்டி பேர்ல வரும், நம்ம பங்கு மெயின்டனன்ஸ்ல ஏறிடும். மகாராஷ்டிர சொசைட்டிகளுக்கான மாதிரி துணைவிதிப்படி, அந்தப் பங்கைப் பிரிக்கிறது ஃபிளாட்ல இருக்கிற குழாய் இணைப்புகளோட எண்ணிக்கையையும் அளவையும் வச்சு. எத்தனை லிட்டர் செலவழிச்சோம்ங்கறதை வச்சு இல்ல.

பி.காம். படிச்ச புத்திக்கு இது இடிக்குதுங்க. ஒரு வீட்ல ஃப்ளஷ் டேங்க் ராத்திரி பகலா ஒழுகினா, நஷ்டம் எல்லார் தலையிலும் விழும். ஆளுக்குச் சில ரூபாய்தான்ங்கறதால யாருக்கும் உறைக்காது.

"எல்லாக் குழாயையும் மூடிட்டு மீட்டர் சுத்துதான்னு பாருங்க"ன்னு வெளிநாட்டுச் சொந்தங்கள் யோசனை சொல்வாங்க. நாள் பூரா குழாய்ல தண்ணி வர்ற ஊருக்கு அது சரி. இங்கே தண்ணி விடுறதே சில மணி நேரம். அதுவும் சம்ப்ல விழுந்து, மோட்டார்ல மேல் டேங்க்குக்கு ஏறி, அப்புறம்தான் நம்ம வீட்டுக்கு வருது. அதனால துண்டு துண்டாத்தான் சோதிக்கணும்.

ஒண்ணு: தண்ணி வர்ற நேரத்துல சம்ப் வாய்கிட்ட இருக்கிற வால்வை மூடுங்க. அப்பவும் மீட்டர் முள் சுத்தினா, நடுவுல பூமிக்கடியில் பைப் ஒழுகுது.

ரெண்டு: தண்ணி நின்னப்புறம், மோட்டாரையும் நிறுத்திட்டு, சம்ப்ல நீர்மட்டத்தைக் குறிச்சு வச்சு, சில மணி நேரம் கழிச்சுப் பாருங்க. 5 மீட்டருக்கு 4 மீட்டர் சம்ப்ல ஒரு சென்டிமீட்டர் இறங்கினா 200 லிட்டர் போச்சுன்னு அர்த்தம். தினமும் அப்படின்னா மாசம் 6,000 லிட்டர்.

மூணு: வீட்ல ஃப்ளஷ் டேங்க்ல கொஞ்சம் கேசரி கலரைப் போட்டு, அரை மணி நேரம் யாரும் அழுத்தாம விடுங்க. கலர் கீழே பீங்கான்ல இறங்கியிருந்தா வாஷரை மாத்துங்க.

இதெல்லாம் வெறும் காசுக் கணக்கு இல்ல. பக்கத்துல கோவண்டி சிவாஜி நகர்ல இன்னும் கேன் கணக்குல தண்ணியை விலைக்கு வாங்கற குடும்பங்கள் இருக்கு. 2000-க்கு அப்புறம் வந்த குடிசைகள்ல இருக்கிறவங்களுக்கும் தண்ணி கொடுக்க வழி பண்ணணும்னு 2014 டிசம்பர்ல பம்பாய் ஹைகோர்ட் மாநகராட்சிகிட்ட சொல்ல வேண்டியிருந்தது. நம்ம சம்ப் விரிசல்ல மண்ணுக்குள்ள போறதும் அதே ஏரித் தண்ணிதான்.

வீட்டுக்கு வீடு மீட்டர் வந்தா நல்லது. அதுவரைக்கும் ஒரு நோட்டு போதும். வாரா வாரம் ஒரே கிழமை, ஒரே நேரத்துல ரீடிங்கை எழுதுங்க. பெரும்பாலான மீட்டர்ல கறுப்பு எண் ஒண்ணு கூடினா 1,000 லிட்டர்; சிவப்பு அதுக்குக் கீழே. பேங்க்ல சாயங்காலம் கேஷ் டேலி ஆகாம யாரையும் வீட்டுக்கு விடமாட்டோம். தண்ணிக் கணக்கை மட்டும் ஏன் வாட்ச்மேன் தலையில் கட்டணும்? அடுத்த சொசைட்டி மீட்டிங்ல, பார்க்கிங் சண்டை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி, இதைக் கேட்டுடுங்க.