எண்ணிக்கைக்கு மானியம் வேண்டாம்

நிறைவேறாமல் கிடக்கும் பிடிவாரண்டுகளைக் குறைக்க என்ன வழி என்று கேட்டால், சிவகங்கை கோர்ட் வளாகத்திலும் ஒக்கூர் டீக்கடையிலும் ஒரே பதில்தான் வருகிறது. போலீசுக்குத் தனியாக நிதி கொடு, தனிப்படை போடு, மாதத்துக்கு இத்தனை என்று இலக்கு வை. நல்லெண்ணத்தோடு சொல்லப்படும் யோசனைதான். ஆனால் அதற்கு ஆதாரமாகச் சொல்லப்படும் காரணங்களில் சில தவறு, சில பாதி உண்மை.

வாரண்டு நிலுவையில் இருந்தால் ஒரு குற்றவாளி வெளியே திரிகிறான் என்பது முதல் காரணம். கொலை வழக்கில் தலைமறைவானவருக்கும் வாரண்டுதான். செக் திரும்பிய வழக்கில் ஒரு வாய்தாவுக்கு வரத் தவறியவருக்கும் வாரண்டுதான். பதிவேட்டில் இரண்டும் ஒவ்வொரு வரி. ஒக்கூர்ப் பக்கம் மழை பொய்த்தால் ஆட்கள் திருப்பூருக்கும் கோவைக்கும் போய்விடுகிறார்கள். பாஸ்போர்ட் இருப்பவர்கள் சிங்கப்பூருக்கும் வளைகுடாவுக்கும் போகிறார்கள். வழக்கோ வருஷக்கணக்கில் இழுக்கிறது. சம்மன் பழைய வீட்டுக்கு வந்து திரும்புகிறது. வக்கீல் மனுப் போட மறந்தால் பிடிவாரண்டு பிறந்துவிடுகிறது. இவர்களில் பலர் ஒளிந்தவர்கள் அல்லர். தங்கள் பெயரில் வாரண்டு இருப்பதே அவர்களுக்குத் தெரியாது.

உச்ச நீதிமன்றம் இதைப் பார்க்காமல் இல்லை. ஜாமீனில் விட முடியாத வாரண்டு எடுத்த எடுப்பில் பிறப்பிக்க வேண்டியதல்ல என்று இந்தர் மோகன் கோஸ்வாமி வழக்கில் 2007-லேயே சொல்லிவிட்டது. சதேந்தர் குமார் அன்டில் வழக்கில் 2022 ஜூலையில் இன்னும் தெளிவாக்கியது. ஏழு ஆண்டுக்கு மேற்படாத தண்டனைக்குரிய பொதுவான குற்றங்களில் முதலில் சம்மன்; வராவிட்டால் ஜாமீனில் விடத்தக்க வாரண்டு; அதற்கும் வராவிட்டால்தான் மற்றது. கைதாகும் முன்பே, அடுத்த வாய்தாவுக்கு வருவதாக உறுதி கொடுத்து மனுச் செய்தால், நேரில் நிறுத்தாமலே வாரண்டை ரத்து செய்யலாம் என்றும் வழி காட்டியது. இந்த வரிசை எல்லாக் கோர்ட்டிலும் ஒழுங்காக நடந்தால் எத்தனையோ வாரண்டுகள் பிறந்தே இருக்காது. அதற்கு ஸ்டேஷனுக்கு ஒரு ரூபாய்கூட அனுப்ப வேண்டியதில்லை.

பணமும் ஆளும் இல்லை என்பது இரண்டாவது காரணம். இது பாதி உண்மை. காவல்துறையை நவீனமாக்க 1969-லிருந்தே மத்திய அரசின் திட்டம் இருக்கிறது. 2026 வரைக்குமான ஐந்தாண்டுக்கு 26,275 கோடி ரூபாய்க்கு 2022 பிப்ரவரியில் ஒப்புதல் தந்தார்கள். மாநிலப் போலீசை நவீனமாக்க மட்டும் அதில் 4,846 கோடி. வாரண்டைக் கொண்டுபோய்ச் சேர்ப்பவர் ஸ்டேஷனின் கோர்ட் காவலர். சம்மன், சாட்சி, வழக்குச் சொத்து எல்லாம் அவர் தலையில்தான். எங்கள் மாவட்டத்தில் தை பிறந்தால் சிராவயல் மஞ்சுவிரட்டு. அதிலிருந்து கோடை வரை ஊர் ஊராக மாடு. அக்டோபரில் திருப்பத்தூரிலும் காளையார்கோவிலிலும் மருதிருவர் நினைவு நாள், 30-ஆம் தேதி பக்கத்து மாவட்டத்துப் பசும்பொன்னில் தேவர் குருபூஜை. பந்தோபஸ்துக்கு ஆள் இழுத்தால் அவரும் போயாக வேண்டும். திரும்பி வருவதற்குள் பழைய வாரண்டோடு புதியது சேர்ந்துவிடுகிறது. இதற்குத் தேவை கோர்ட் காவலரை வேறு வேலைக்கு எடுக்கக் கூடாது என்ற ஓர் உத்தரவு. புது ஜீப் வந்தால் அதுவும் பந்தோபஸ்துக்குத்தான் போகும்.

எனக்கு மிகவும் அச்சம் தருவது மூன்றாவது காரணம்: இலக்கு வைத்தால் வேலை நடக்கும். நடக்கும், ஆனால் யார் மேல்? எண்ணிக்கை காட்டினால்தான் பணம் என்றால், முதலில் பிடிபடுபவர் ஓடாதவர்தான். அதே வீட்டில் இருப்பவர், காலையில் அதே வயலுக்குப் போகிறவர். ஊர் ஊராக மாறித் திரியும் ரவுடியைத் தேடும் நேரத்தில் இப்படிப் பத்துப் பேரைப் பிடித்துக் கணக்கு காட்டிவிடலாம். பதிவேடு சரியாக இல்லாவிட்டால் இன்னும் மோசம். மும்பையில் ஒருவர் ஏற்கெனவே ரத்தான வாரண்டின் பேரில் 2002 சுதந்திர தினத்தன்று கைதானார். அந்த வழக்கில்தான் 2011-இல் உச்ச நீதிமன்றம், வாரண்டுக்கு எண்ணிட்டுப் பதிவேடு வைக்கவும், ரத்தானால் மூலப் பிரதியைப் போலீசிடமிருந்து திரும்பப் பெறவும் நெறிமுறை வகுத்தது. தனிப்படை என்றதும் 2025 ஜூன் மாதத்துத் திருப்புவனம் நினைவுக்கு வராமல் இருக்குமா? நகை காணாமல்போன புகாரில் தனிப்படை விசாரித்த மடப்புரம் கோயில் காவலாளி உயிரிழந்தார். அது வாரண்டு விவகாரம் அல்ல. ஆனால் சீக்கிரம் முடித்துக் காட்டு என்ற நெருக்கடி எங்கே கொண்டு போகும் என்பதை நம் மாவட்டமே பார்த்திருக்கிறது.

இலக்கு வைத்துப் பிடிப்பது அமெரிக்காவில் பலித்தது என்கிறார்கள். மிசௌரியின் பெர்குசன் ஊரில் மக்கள் தொகை ஏறக்குறைய 21,000. 2014 டிசம்பரில் அந்த ஊர்க் கோர்ட்டின் வாரண்டு நிலுவையில் இருந்தவர்கள் 16,000-க்கும் மேல், வெளியூர்க்காரர்களும் சேர்த்து. வாரண்டையும் அபராதத்தையும் வருமானமாக்கிய ஊர் அது. நியூயார்க் வேறு வழியில் போனது. பத்தாண்டுக்கு மேல் பழசான, சில்லறைக் குற்றங்களுக்கான சுமார் 6,44,000 வாரண்டுகளை 2017-இல் ரத்து செய்தது. சம்மன் படிவத்தைப் புரியும்படி மாற்றியபோது வராதவர்கள் 13 சதவீதம் குறைந்தார்கள். தேதியை நினைவூட்டும் குறுஞ்செய்தி அனுப்பியபோது 21 சதவீதம். 2020-இல் வெளியான ஆய்வின் கணக்கு இது. நம் இ-கோர்ட்ஸ் மூன்றாம் கட்டத்துக்கு 2023-இல் 7,210 கோடி ஒதுக்கியிருக்கிறார்கள். ஒவ்வொரு வாய்தாவுக்கும் எதிரியின் கைபேசிக்குத் தமிழில் ஒரு வரி அனுப்ப அதில் இடமில்லையா?

அப்படியானால் குற்றவாளிக்குச் சலுகையா என்று கேட்பார்கள். ஜீவனாம்சம் கேட்டு வந்த ஒரு பெண்ணை வைத்துத்தான் இதற்குப் பதில் சொல்ல வேண்டும். மாதத் தொகை தரச் சொல்லி உத்தரவு வாங்கிவிட்டாள். கணவன் தரவில்லை. வாரண்டு பிறந்தது, அவன் திருப்பூரில் எங்கோ பனியன் கம்பெனியில். பிள்ளையோடு பஸ் ஏறி வாய்தா வாய்தாவாக வந்து, ‘இன்னும் ஆள் கிடைக்கலம்மா’ என்ற பதிலைக் கேட்டுவிட்டுத் திரும்புகிறாள். அவள் வாரண்டுக்கும் மறதிக்கார வாரண்டுக்கும் ஒரே கட்டு, ஒரே எடை. எண்ணிக்கைக்கு மானியம் வந்தால் அவளுடையது இன்னும் அடியில் போகும், ஏனென்றால் வெளியூரில் ஆள் தேடுவது கஷ்டம்.

நிதி தருவதாக இருந்தால் நிபந்தனையோடு தரட்டும். முதல் ஆறு மாதம் ஒருவரையும் பிடிக்க வேண்டாம்; இறந்தவர், ரத்தானது, முடிந்த வழக்கு எல்லாவற்றையும் கோர்ட்டும் ஸ்டேஷனும் சேர்ந்து உட்கார்ந்து கழிக்கட்டும். சில்லறை வழக்குக்காரர்கள் தாங்களே வந்து வாரண்டை ரத்து செய்யக் கேட்கும் ரீகால் மனுப் போட மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு ஒக்கூர் போன்ற ஊர்களில் முகாம் நடத்தட்டும். மிஞ்சுவதில் ஜீவனாம்ச வாரண்டும் வன்முறை வழக்கு வாரண்டும் மேலே வரட்டும். திருப்பூருக்குப் போய்வரும் பஸ் செலவும் படியும் அந்தக் கோர்ட் காவலர் கைக்கே வரட்டும்.