ஊர்க்கதை: பிரானூரில் இல்லாத ‘பார்டர்’

குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டால் வண்டிகளுக்கு இரண்டே வேலைதான். காலையில் அருவி, மாலையில் பார்டர். தென்காசியிலிருந்து செங்கோட்டை போகிற சாலையில், ஊருக்குச் சற்று முன்னால் இருக்கிறது பிரானூர். அங்கே கிடைக்கும் ‘பார்டர் பரோட்டா’வுக்காக எத்தனை நேரமானாலும் காத்திருக்கக் கூட்டம் தயார்.

ஈரத் தலையோடு இலைக்கு முன்னால் உட்காரும் குழந்தைகள் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. “தாத்தா, பார்டர்னு சொல்றீங்க, போலீஸையே காணோமே? கேரளா எங்க இருக்கு?”

நியாயமான கேள்விதான். இன்றைய கேரள எல்லைக்குப் போக, பிரானூரைக் கடந்து, செங்கோட்டையைக் கடந்து, புளியரை தாண்டி, ‘எஸ்’ வளைவில் மலை ஏறி, கோட்டைவாசல் வரை போகவேண்டும். அப்படியானால் பிரானூருக்கு ஏன் இந்தப் பெயர்?

பதில் ஒரே வரிதான். 1956 வரை எல்லை இங்கேதான் இருந்தது. பிரானூருக்குக் கிழக்கே சென்னை மாகாணம். மேற்கே, செங்கோட்டை தொடங்கி, திருவிதாங்கூர் சமஸ்தானம்.

மலைக்கு இந்தப் பக்கம் ஒரு மலையாள அரசு

மேற்குத் தொடர்ச்சி மலை கோட்டைச் சுவர் போல நீள்கிறது. அதில் சில இடங்களில்தான் வழி விட்டிருக்கிறது. அப்படி ஒரு வழிதான் ஆரியங்காவு கணவாய். குற்றாலத்தைக் குளிர வைக்கும் தென்மேற்குக் காற்றும் இந்த வழியாகத்தான் வருகிறது. நெல்லும் மிளகும், வியாபாரியும் பக்தனும் போய் வந்ததும் இதே வழிதான். அந்த வாசலின் கிழக்குப் படியில் உட்கார்ந்திருக்கும் ஊர் செங்கோட்டை.

கொட்டாரக்கரையைத் தலைநகராகக் கொண்ட இளையிடத்து ஸ்வரூபம் என்ற சிற்றரசின் கையில் இந்த ஊர் இருந்தது. 18-ஆம் நூற்றாண்டில் மார்த்தாண்ட வர்மா அந்த அரசைத் திருவிதாங்கூரோடு இணைத்தபோது, செங்கோட்டையும் சேர்ந்தே போனது. வாசலை வைத்திருப்பவன் கையில்தானே வீடு! மலைக்குக் கிழக்கே, தமிழ் பேசும் மக்கள் நடுவே, திருவனந்தபுரத்து மகாராஜாவின் ஆட்சி நடந்தது இப்படித்தான். அதன் அடையாளமாக, திருவிதாங்கூரின் சங்கு முத்திரையோடு செங்கோட்டையில் நுழைவாயில் வளைவும் எழுந்தது.

அரசு எதுவானாலும் வீட்டுக்குள் மொழி மாறவில்லை. இளம் வயதிலேயே கணவனை இழந்த செங்கோட்டை ஆவுடையக்காள், வேதாந்தத்தை எளிய தமிழில் பாட்டாகக் கட்டினார். அந்தப் பாட்டுகள் அச்சுக்கு வரும் முன்பே, பெண்கள் வாய்வழியாகப் பல தலைமுறைகள் நடந்து வந்தன.

ஐந்து மைலில் வேறு உலகம்

அன்றைக்குத் தென்காசியிலிருந்து செங்கோட்டைக்கு மாட்டுவண்டியில் போனவர் எதையெல்லாம் மாற்றிக்கொள்ள வேண்டியிருந்தது என்று பாருங்கள்.

முதலில் காசு. கிழக்கே பிரிட்டிஷ் ரூபாய், அணா. மேற்கே சக்கரம், பணம். ஒரு பிரிட்டிஷ் ரூபாய்க்கு இருபத்தெட்டரை சக்கரம். கணக்குத் தெரியாதவர் பாடு திண்டாட்டம்தான்.

அடுத்தது கடிதம். திருவிதாங்கூர் தனக்கென்று தனித் தபால் வைத்திருந்தது. பெயர் ‘அஞ்சல்’. 1951-இல்தான் அது இந்தியத் தபால் துறையோடு சேர்ந்தது. இன்று நாம் எல்லோரும் ‘அஞ்சல் நிலையம்’ என்று சொல்கிறோமே, அந்தச் சொல்லை அரசுத் துறைக்கே பெயராக வைத்து நடத்திக் காட்டியது அந்தச் சமஸ்தானம்.

எல்லாவற்றையும் விடப் பெரிய வித்தியாசம் கோயில் வாசலில் இருந்தது. 1936 நவம்பர் 12 அன்று திருவிதாங்கூர் மகாராஜா சித்திரைத் திருநாள், அரசின் பொறுப்பிலிருந்த கோயில்களை எல்லாச் சாதி இந்துக்களுக்கும் திறந்துவிட்டார். சென்னை மாகாணத்தில் அந்த நாள் வரத் தாமதமானது. மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் ஒடுக்கப்பட்டவர்கள் நுழைந்ததே 1939 ஜூலை 8 அன்றுதான். ஒரே மலை, ஒரே சாரல், ஒரே மொழி. ஆனால் பிரானூருக்கு அந்தப் பக்கம் ஒரு சட்டம், இந்தப் பக்கம் ஒரு சட்டம்.

1904-இல் ரயிலும் வந்தது. குகைகளைக் குடைந்து, பள்ளத்தாக்குகளின் மேல் கல் பாலம் கட்டி, செங்கோட்டையைக் கொல்லத்தோடு சேர்த்தார்கள். தென்மலைப் பக்கம் உள்ள பதின்மூன்று கண் பாலத்தை இன்றும் ரயில் ஜன்னலில் எட்டிப் பார்க்காதவர் இல்லை. செங்கோட்டையில் பிறந்து, புனலூர் வனத்துறையில் வேலை பார்த்த வாஞ்சிநாதன்தான் 1911 ஜூன் 17 அன்று மணியாச்சி ரயில் நிலையத்தில் கலெக்டர் ஆஷைச் சுட்டவர்.

பள்ளிக்கூடமும் கச்சேரியும்

காசு மாறினால் சமாளிக்கலாம். மனு எழுதும் மொழி மாறினால்?

நாடு விடுதலை அடைந்தது. 1949-இல் திருவிதாங்கூரும் கொச்சியும் ஒரே மாநிலமாயின. தெற்கே நாஞ்சில் நாட்டிலும் செங்கோட்டையிலும் இருந்த தமிழர்களுக்குக் கவலை கூடியது. பிள்ளைகள் எந்த மொழியில் படிப்பார்கள்? தாலுகா கச்சேரியில் எந்த மொழியில் பதில் வரும்? இந்தக் கேள்விகள்தான் போராட்டமாயின. திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் என்ற கட்சியை மார்ஷல் நேசமணி முன்னின்று நடத்தினார். செங்கோட்டைப் பக்கத்தில் சட்டநாத கரையாளர் குரல் கொடுத்தார்.

1954 ஆகஸ்ட் 11 அன்று தெற்கே மார்த்தாண்டம், புதுக்கடை பகுதியில் போலீஸ் சுட்டதில் உயிர்கள் போயின. அடுத்த ஆண்டு, பசல் அலி தலைமையிலான மாநிலச் சீரமைப்பு ஆணையம் தன் அறிக்கையைக் கொடுத்தது. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் செங்கோட்டையும் சென்னை மாநிலத்துக்கு என்றது. தேவிகுளமும் பீர்மேடும் கிடைக்கவில்லை.

1956 நவம்பர் 1. நான்கு தெற்குத் தாலுகாக்கள் கன்னியாகுமரி மாவட்டமாயின. செங்கோட்டை திருநெல்வேலி மாவட்டத்தோடு சேர்ந்தது. குமரிக்காரர்கள் அந்த நாளை விழாவாக நினைத்துக்கொள்கிறார்கள். செங்கோட்டையும் அதே நாளில்தான் வந்தது என்பது வெளியூர்க்காரர் பலருக்குத் தெரியாது.

செங்கோட்டை தாலுகா முழுசாகவும் வரவில்லை. மலைக்கு மேலே இருக்கும் ஆரியங்காவுப் பக்கம் கேரளத்தோடு நின்றுவிட்டது. பிரானூரில் இருந்த எல்லை மலைமேல் ஏறிக்கொண்டது. சோதனைச் சாவடியும் கூடவே போனது. பெயர் மட்டும் பிரானூரிலேயே தங்கிவிட்டது.

கோடு அறியாத பெட்டி

எல்லை மாறினால் உறவு அறுந்துவிடுமா? இங்கே அறுந்ததில்லை. அகலப் பாதைப் பணிக்காக 2010-இல் மலை ரயிலை நிறுத்தியபோது, இரண்டு பக்க மக்களும்தான் தவித்தார்கள். 2018-இல் ரயில் மறுபடி ஓடியபோது இரண்டு பக்கமும் கையசைத்தது.

ஆண்டுதோறும் மார்கழிப் பிறப்பை ஒட்டி ஒரு காட்சி நடக்கும். அச்சன்கோவில் ஐயப்பனின் நகைப்பெட்டி புனலூர் அரசுக் கருவூலத்திலிருந்து புறப்படும். கோயிலும் கேரளத்தில், கருவூலமும் கேரளத்தில். ஆனால் பெட்டி போகும் வழி ஆரியங்காவு, செங்கோட்டை, தென்காசி! தமிழ்நாட்டுக்குள் இறங்கி, பக்தர்களின் வரவேற்பை வாங்கிக்கொண்டு, மறுபடி மலையேறிக் கேரளத்துக்குள் போகும். இரண்டு மாநில போலீசாரும் காவலுக்கு வருவார்கள். கோடு போடுவதற்கு முன்பிருந்த பாதை அது. கோடு போட்ட பிறகும் அந்தப் பெட்டி தன் வழியை மாற்றிக்கொள்ளவில்லை.

2019 நவம்பர் 22 முதல் செங்கோட்டை தென்காசி மாவட்டத்தில் இருக்கிறது. கொட்டாரக்கரை, திருவனந்தபுரம், கொல்லம், திருநெல்வேலி, தென்காசி என்று எத்தனையோ தலைமையிடங்களை அந்த ஊர் பார்த்துவிட்டது.

அடுத்த சீசனில் பிரானூரில் பரோட்டாவுக்குக் காத்திருக்கும்போது உங்கள் வீட்டுப் பிள்ளை அதே கேள்வியைக் கேட்டால், “கேரளா இன்னும் தள்ளி இருக்கு, சாப்பிடு” என்று முடித்துவிடாதீர்கள். இலை வரும் வரை நேரம் இருக்கிறது. மகாராஜாவின் சக்கரக் காசில் தொடங்குங்கள். தங்கள் மொழியில் மனு எழுதப் போராடியவர்கள் வரை சொல்லிவிடலாம்.